கொள்ளைநோய்க்குப் பின் பொருளாதார மீட்சி
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு யாரும் உடனே விருந்துச் சாப்பாடு போடுவதில்லை. முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, உடம்பில் வலு ஏறிய பின்பே வழக்கமான உணவும் வழக்கமான வேலையும். கொள்ளைநோயால் படுத்த ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எழுப்பி நிறுத்துவதும் இத்தகைய பணியே. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, யாருக்கு முதலில் கொடுப்பது என்னும் வரிசை தவறினால், செலவழித்த பணம் உரிய பயனைத் தராது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நம் மத்திய, மாநில அரசுகள் இவ்வரிசையை எவ்வாறு வகுத்தன, அவற்றுள் எவை நன்கு நடந்தன, எவை விடுபட்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோய் பொருளாதாரத்தைத் தாக்கும் விதம்

போரும் புயலும் ஆலைகளையும் பாலங்களையும் இடித்துத் தள்ளுகின்றன. கொள்ளைநோயோ ஒரு செங்கல்லைக்கூட அசைப்பதில்லை. தறி அப்படியே இருக்கும். ஆனால் அதை ஓட்ட ஆள் வர முடியாது. நெய்த துணி கடையில் இருக்கும். ஆனால் அதை வாங்க ஆள் வர மாட்டார். உற்பத்தியும் தேவையும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முதலில் 21 நாட்கள் என்று அறிவிக்கப்பட்டது, மே மாத இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டை விட 23.9 சதவீதம் சுருங்கியதாக அரசின் முதற்கணக்கு கூறியது. கட்டுமானத் தொழில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆலை உற்பத்தி 39 சதவீதம் வீழ்ந்தது. வேளாண்மை மட்டுமே 3.4 சதவீதம் வளர்ந்து நாட்டைத் தாங்கி நின்றது.

ஒருவர் செய்யும் செலவே மற்றொருவரின் வருமானம். கொத்தனாருக்குக் கூலி இல்லையென்றால் டீக்கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை. டீக்கடை மூடினால் பால்காரருக்கு வாடிக்கை இல்லை. இச்சங்கிலி அறுந்தபின் எல்லாரும் கையிருப்பை இறுகப் பிடித்துக்கொள்கின்றனர். அது குடும்பத்திற்கு நல்லதாயினும் நாட்டிற்கு மேலும் தளர்ச்சியே. இத்தகைய வேளையில் அரசுதான் முன்வந்து செலவு செய்ய வேண்டும் என்று, 1930-களில் உலகப் பெருமந்தத்தின்போது ஜான் மேனார்டு கெய்ன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் வாதிட்டார். கொரோனாக் காலத்தில் உலகின் பல அரசுகளும் அவ்வழியையே பின்பற்றின.

1918 தந்த பாடம்

நம் நாடு கொள்ளைநோயைக் கண்டது இது முதன்முறையன்று. 1918-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், கப்பல் வழியாக பம்பாய்த் துறைமுகத்தில் நுழைந்த இன்புளூயன்சா காய்ச்சல் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டில் மழையும் பொய்த்தது. ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை குறைந்தே போயிற்று. குடிமதிப்புக் கணக்குகளில் இவ்வாறு குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. அந்நாளில் ஏழைகளுக்குக் கிடைத்த உதவியில் பெரும்பங்கு தன்னார்வச் சங்கங்களிடமிருந்தே வந்தது. நோயுற்ற மக்களின் வாழ்வை மீட்பது அரசின் கடமை என்னும் எண்ணம் இன்று வேரூன்றியிருப்பதன் அருமையை, 1918-ஐ நினைத்தால் உணரலாம்.

முதற்படி: பசி தீர்த்தல்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். உயிரோடு இருப்பவர்க்கே தொழிலும் வளர்ச்சியும். ஊரடங்கு தொடங்கிய மறுநாள், 2020 மார்ச் 26 அன்று, 1.70 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஏழைகள் நலத்திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. ரேஷன் அட்டையில் உள்ள ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை இலவசமாகத் தரப்பட்டது. ஜன் தன் வங்கிக் கணக்கு வைத்திருந்த 20 கோடிப் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்கள் செலுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும், இரண்டாம் அலையின்போது 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக 4,000 ரூபாயும் வழங்கப்பட்டன. இரண்டு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு இப்பணம் சேர்ந்தது. இவ்வளவு விரைவாகச் சேர்ந்ததற்குக் காரணம், நம் மாநிலத்தில் தெருவுக்குத் தெரு ரேஷன் கடை முன்பே இருந்ததுதான். வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியாது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டப்பட்ட அணை அது.

ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து உழைத்தவர்களின் அட்டை சொந்த ஊரில் இருந்தது. அவர்கள் இங்கே இருந்தனர். அரிசி ஓரிடம், பசி ஓரிடம் என்றாயிற்று. பலர் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே சென்றனர். 2020 மே முதல் இயக்கப்பட்ட சிறப்பு ரயில்களில் மட்டும் 60 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினர். எந்த மாநிலத்திலும் ரேஷன் பெறலாம் என்னும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ முறை தமிழ்நாடு முழுவதும் 2020 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அது மார்ச் மாதத்திலேயே இருந்திருந்தால் எத்தனையோ பேர் நடந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வேலையும் கடனும்

2020 மே 12 அன்று 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு. எனினும் இத்தொகை முழுவதும் மக்கள் கையில் கொடுக்கப்பட்ட பணமன்று. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு வழங்கிய பணவசதியும், அரசு பொறுப்பேற்ற கடன்களும் இதில் பெரும்பகுதி. ஒருவருக்கு நூறு ரூபாய் கொடுப்பதற்கும், நூறு ரூபாய் கடன் வாங்கிக்கொள்ள ஜாமீன் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பதே வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும் முதற்பாடம் எனலாம்.

சிறுதொழில்களுக்கு அடமானமின்றி 3 லட்சம் கோடி ரூபாய் வரை வங்கிகள் கடன் தரவும், அது திரும்பாவிடில் அரசே ஈடுகட்டவும் ஏற்பாடு செய்யப்பட்டது. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களுக்கு இது கைகொடுத்தது. ஆயினும் முன்பே வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்கே இக்கடன் கிடைத்தது. வங்கி வாசலையே மிதிக்காத சிறு பட்டறைக்காரர் இதில் சேரவில்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் தொடங்கிய தனித்திட்டம் இக்குறையை ஓரளவு போக்கியது. முதலில் 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகத் திருப்பினால் அடுத்து 20,000, பின்னர் 50,000 என்பது அப்போது அதன் முறையாக இருந்தது. தள்ளுவண்டிக்காரரும் வங்கியில் பெயர் பெற இது வழி செய்தது.

கிராமங்களைக் காத்தது நூறு நாள் வேலைத் திட்டம். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மக்களின் உரிமையாக இருந்தது. ஊர் திரும்பியவர்கள் கூட்டமாக வேலை கேட்டபோது மத்திய அரசு கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2020-21-இல் ஏறத்தாழ 11 கோடிப் பேர் அத்திட்டத்தில் மண் சுமந்து, வாய்க்கால் வெட்டி, குளம் தூர்த்ததை அள்ளிக் கூலி பெற்றனர். அக்கூலி கிராமத்துக் கடைகளிலேயே செலவாகி, அறுந்த சங்கிலியின் கண்ணிகளை ஒன்றாகக் கோத்தது.

நகரத்து உழைப்பாளிக்கு என்ன?

கிராமத்தில் வேலை கேட்கச் சட்டம் இருந்தது. நகரத்தில் ஓட்டல் மேசை துடைத்தவர்க்கும், வீட்டு வேலை செய்த அம்மாவுக்கும், ஆட்டோ ஓட்டியவர்க்கும் அத்தகைய சட்டம் இல்லை. இதுவே நாம் கண்ட பெரிய குறை.

தமிழ்நாட்டுப் பொருளாதார மீட்சிக்கு வழி கூற, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையில் 2020 மே மாதத்தில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. கிராமத்து வேலைத் திட்டம் போல நகரங்களுக்கும் ஒன்று வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 2021-இல் தமிழக அரசு அத்தகைய திட்டத்தைச் சோதனை முறையில் அறிவித்தது. கேரளம் 2010-லேயே இதற்கு முன்னோடியாக இருந்தது; ராஜஸ்தான் 2022-இல் நகர மக்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தைத் தொடங்கியது. மழைநீர்க் கால்வாய் தூர்வாருதல், மரம் நடுதல், பூங்கா பேணுதல் என நகரத்தில் செய்ய வேண்டிய வேலைக்குப் பஞ்சமில்லை.

மூன்றாம் படி: மூலதனப் பணிகள்

நோய் தணிந்ததும் அரசு சாலை, ரயில் பாதை, துறைமுகம் போன்ற பணிகளுக்குப் பணத்தைத் திருப்பியது. மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மூலதனச் செலவுக்கென 2021-22-இல் 5.54 லட்சம் கோடி, 2022-23-இல் 7.5 லட்சம் கோடி, 2023-24-இல் 10 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாநிலங்களுக்கு 50 ஆண்டுகளில் திருப்பித் தரத்தக்க வட்டியில்லாக் கடனும் அளிக்கப்பட்டது. பாலம் கட்டும்போது சிமெண்டு, இரும்பு, லாரி எனப் பல தொழில்கள் எழுகின்றன. கட்டிய பாலமோ தலைமுறைக்கும் நிற்கிறது. ஆனால் இன்று சாலை போடுவதில் பெரும்பங்கு எந்திரத்தின் வேலை. ஆகவே மூன்றாம் படி மட்டும் இரண்டாம் படியின் வேலையைச் செய்துவிடாது.

பள்ளிக்கூடமும் பொருளாதாரமே

மாணவியராகிய நாம் மறக்கக்கூடாத பகுதி இது. ஆலைகளும் கடைகளும் ஒவ்வொன்றாகத் திறந்த பின்னும் பள்ளிகள் மூடியே கிடந்தன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள்! அந்நாளில் தொடக்க வகுப்பில் இருந்த நம் வயதினர் அனைவரின் வாழ்விலும் இம்மாதங்கள் கழிந்தன. கைப்பேசி இருந்த வீட்டில் பாடம் நடந்தது. இல்லாத வீட்டில் நடக்கவில்லை.

பெண் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. கொள்ளைநோயின் விளைவாகப் பத்தாண்டுக்குள் உலகில் கூடுதலாக ஒரு கோடிச் சிறுமியர் இளவயதுத் திருமணத்திற்கு ஆளாகக்கூடும் என்று யுனிசெப் நிறுவனம் 2021 மார்ச்சில் எச்சரித்தது. மூடிய ஆலையை மறு ஆண்டு திறக்கலாம். படிப்பை நிறுத்தி மணமுடித்துக் கொடுத்த பெண்ணை மீண்டும் வகுப்பில் அமர்த்துவது அவ்வளவு எளிதன்று.

இக்குறையைத் தீர்க்க 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை வேளையில், வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வில் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் பங்கு கொண்டார். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் நேர்ந்தது என்றும் அவ்வாய்வு கண்டது. குறைந்த செலவில் இவ்வளவு பயன் தந்த திட்டத்தைப் பொருளாதாரத் திட்டம் என்று அழைப்பதில் தவறில்லை.

கடன் யாருடையது?

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடன். மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை 2020-21-இல் நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதமாயிற்று, அதனை 2025-26-க்குள் 4.5 சதவீதத்திற்குக் கீழ் கொண்டுவருவதென்று இலக்கு வைக்கப்பட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் சராசரியாக 2,63,976 ரூபாய் பொதுக்கடன் உள்ளதென்று கூறியது. நோய் வருமுன்பே நிதிநிலை சரியத் தொடங்கியிருந்ததையும் அவ்வறிக்கை சுட்டியது.

கடன் வாங்குவதே குற்றமன்று. மருத்துவச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் குடும்பங்கள் கடன் வாங்குவதில்லையா? ஆனால் அக்கடனை அடைக்கப் போகிறவர்கள் இன்று பள்ளியில் படிக்கும் நாம். ஆகவே அது எதற்காகச் செலவிடப்பட்டது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இனி செய்ய வேண்டுவன

1. உழைப்பாளர் பட்டியல் எப்போதும் தயாராக இருத்தல் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘இ-ஷ்ரம்’ பதிவில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்துள்ளனர். பட்டியல் இருந்தால் உதவி வழிதவறாது.

2. நகரத்து ஏழைகளுக்கும் வேலை பெறும் உரிமையைச் சட்டமாக்குதல் வேண்டும்.

3. மீட்சித் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே பள்ளிகளைத் திறக்கும் வழியும், இடைநின்ற மாணவியரைத் திரும்ப அழைக்கும் வழியும் இடம்பெற வேண்டும்.

4. நல்ல ஆண்டுகளில் கடனைக் குறைத்து, கெட்ட ஆண்டுகளுக்கு இடம் விட்டு வைத்தல் வேண்டும்.

முடிவுரை

ஆலைப் புகை மீண்டும் எழுந்ததா, பங்குச் சந்தை உயர்ந்ததா என்பதை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் மீட்சியை அளந்துவிட முடியாது. கூலிக்குச் சென்றவர் மீண்டும் கூலிக்குச் செல்கிறாரா, தள்ளுவண்டி மீண்டும் தெருவில் உருள்கிறதா, வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் அனைத்தும் மீண்டும் வகுப்பறைக்கு வந்தனவா என்று பார்க்க வேண்டும். கஞ்சி முதலில், வேலை அடுத்து, விரிந்த வளர்ச்சி அதன்பின். இம்மூன்றினூடும் கல்வி இடையறாமல். இவ்வரிசையை மனத்தில் கொண்டு திட்டமிடும் அரசே, மறுமுறை நோய் வந்தாலும் தன் மக்களைக் கைவிடாது நிற்கும். அத்தகைய திட்டங்களைத் தீட்டும் பொறுப்பு ஒருநாள் நம்மிடமும் வரலாம் அன்றோ? அதற்கு இன்றே கற்றுத் தேர்வோமாக.