பொய்யெழுத்தும் தடுப்பூசியும்

இல்லறத்தார் ஏற்கும் சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்வார்த்த சூத்திரம் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. அதாவது, பொய்யான எழுத்தை உண்டாக்குதல். இதற்குப் பொய்ப் பத்திரம், பொய்க் கணக்கு என்று உதாரணம் காட்டுவது வழக்கம். இன்று நம் கைபேசிக்கு நாள்தோறும் வரும் செய்திகளை எண்ணினால், இச்சொல்லின் பொருள் எத்துணை விரிந்துவிட்டது என்பது விளங்கும். எழுதியவர் இன்னாரென்று அறியாத ஒரு செய்தியை உறவினர் ஐம்பது பேருக்கு அனுப்புகிறவர், “நாம் எழுதவில்லையே” என்று அமைதி கொள்ளலாம். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நம் சிறுவரும் படித்த பாடமே.

அவ்வாறு பரவும் செய்திகளுள் தடுப்பூசி பற்றியவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். அனுப்பியவருக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை; ஊசி போடப்படாத குழந்தைக்கே இழப்பு.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி முகாம் தொடங்கிற்று. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் வரை ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் பேருக்கு ஊசி போடுவது திட்டம். உடனே வாட்ஸ்அப் வழியாகப் புரளிகள் பரவின. இஃது அயல்நாட்டார் நம் பிள்ளைகள்மீது நடத்தும் சோதனை என்றனர். பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இராது என்றனர். பெற்றோர் பலர் இசைவு தர மறுத்தனர். பிப்ரவரி 28இல் முடியவேண்டிய முகாம் மார்ச் மாதத்திற்கு நீட்டிக்கப்பட்டது. அம்மருந்தோ புனே நகரின் சீரம் நிறுவனத்தில் தயாரானது. ரூபெல்லா நோய் குழந்தைக்கு வந்தால் சிறு காய்ச்சலும் தடிப்புமாகக் கழிந்துவிடும். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தாலோ, வயிற்றுப் பிள்ளை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவற்றுடன் பிறக்கக்கூடும். பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்று தூற்றப்பட்ட ஊசி, பிறக்கவிருக்கும் பிள்ளையைக் காக்கவே போடப்பட்டது!

அஞ்சிய பெற்றோரை அறிவிலிகள் என்று நாம் இகழவில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அத்தகைய செய்தியைக் கேட்ட தாய் நடுங்குவது இயல்பு. நடுக்கத்தைப் பயன்படுத்திப் பொய் புனைபவரே குற்றவாளிகள்.

2021 ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் சென்னையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17ஆம் நாள் அதிகாலையில் மாரடைப்பால் காலமானார். அவரது இதயத்தின் இரத்தக் குழாய் ஒன்று முற்றும் அடைபட்டிருந்ததாக மருத்துவர் கூறினர். அத்தகைய அடைப்பு ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நோயின் முடிவு. அவர் மறைவுக்குத் தடுப்பூசி காரணமன்று என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காரண காரியமாகவே பலர் கொண்டனர். ஒரே நாளில் பல லட்சம் பேர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, வேறு நோயால் மறுநாள் இறக்கவிருந்தவர் சிலர் அவருள்ளும் இருப்பர். இதனை எண்ணாமையே மயக்கத்திற்கு வேர்.

நம் குடும்பங்களில் வேறொரு செய்தி மிகுந்த கலக்கத்தை விளைத்தது. கோவாக்சின் மருந்தில் கன்றின் இரத்தம் கலந்துள்ளது என்பதே அது. 2021 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கு விளக்கம் தந்தது. கிருமியை வளர்ப்பதற்கான உயிரணுக்களைப் பெருக்கும் தொடக்க நிலையில் மட்டுமே கன்றின் இரத்தநீர் பயன்படுகிறது. பின்னர் அவ்வுயிரணுக்கள் பலமுறை கழுவப்படுகின்றன. முடிந்த மருந்தில் இரத்தநீர் இல்லை.

சுவாமிமலையில் வாழும் நமக்கு இதனை விளக்க ஓர் உவமை தெருவிலேயே கிடைக்கிறது. இவ்வூர் ஸ்தபதியார் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுருவம் செய்வர்; அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அவ்விடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். இவ்வாறு வார்த்த ஜினபிம்பத்தில் மெழுகு இல்லை. எனினும் மெழுகின்றி அஃது உருவாகவும் இல்லை. ஊசியில் கன்றின் இரத்தம் உள்ளது என்பது பொய். செய்முறையில் எவ்வுயிரின் பொருளும் சேரவில்லை என்று மறுத்துரைப்பின் அதுவும் பொய். சில தடுப்பூசிகளில், தட்டம்மை ஊசி உட்பட, மருந்து கெடாதிருக்கச் சேர்க்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து பெறப்படுவதே. இதையும் மறைத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் அகிம்சை நெறியினர் என் செய்வது? இல்லறத்தாருக்கு முற்றிலும் விலக்கப்பட்டது சங்கற்ப ஹிம்சை. ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என்னும் ஏனைய மூவகை ஹிம்சையையும் இயன்றவரை குறைக்குமாறே அவர்க்கு விதி. நம்மவருள் பலர் வழிவழி உழவர். ஏர்முனையில் மடியும் சிற்றுயிர்களை அறிந்தும் வருந்தியுமே நெல் விளைவித்தனர். நம் பாட்டனார் காலத்து அம்மைப்பால் கன்றின் தோலில் வளர்த்தெடுக்கப்பட்டதே. 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் தொடக்கத்தில் அதனைத் தயாரிக்கவே ஏற்பட்டது. அம்மை குத்திய தழும்போடு அவர்கள் விரதம் காத்தனர். 1980இல் உலகைவிட்டே பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. குழந்தையின் உயிர்காப்பிற்காக, வருத்தத்தோடு, இதனை ஏற்பது நெறிக்கு மாறன்று என்பதே நம் கருத்து. விலங்குப் பொருள் சேராத மாற்று மருந்து உண்டா என மருத்துவரைக் கேட்பது நன்றே. தக்க மாற்று இல்லாதபோது காலம் தாழ்த்துவது நன்றன்று.

இனி, இத்தகைய செய்தி வந்தால் எவ்வாறு எதிர்கொள்வது? எழுதியவர் பெயர், நாள், ஊர், மருந்தின் பெயர் ஆகியவை உள்ளனவா என்று முதலில் பார்க்கவேண்டும். இவை எவையுமின்றி “உடனே அனைவருக்கும் அனுப்புக” என்பது மட்டும் இருப்பின், அதனை அனுப்பாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்பதே முறை. பெரியப்பா அனுப்பியதைப் பலர் பார்க்க இளையவர் இடித்துரைத்தால், அவர் தம் கூற்றைப் பிடிவாதமாகப் பற்றுவார். தனியே சென்று பணிவோடு உண்மையைக் காட்டி, அதே உறவினர்க்கு மறுப்பை அவர் கையாலேயே எழுதி அனுப்பச் செய்வதே பயன்தரும். தவறான செய்தி எத்தனை பேருக்குச் சென்றதோ, மறுப்பும் அத்தனை பேருக்கும் செல்லவேண்டும். படித்தவர் பலர் “நமக்கேன் வம்பு” என்று வாளாவிருப்பதை நாம் ஏற்கவில்லை.

2025 மார்ச்சில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண்மக்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மலட்டுத்தன்மைப் புரளி இதனையும் விடாது. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் மருந்து ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு உருவாக்கப்படுவது. பெண்மக்களையுடைய வீட்டார் தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ இதன் விவரங்களை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.