அலி சகோதரர்களை ஈன்ற அன்னை

 

பாடப் பகுதிக்கு இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தாயாரின் சரித்திரம். மௌலானா முஹம்மது அலி, மௌலானா ஷௌக்கத் அலி என்னும் இரு பெயர்களையும் அறியாத நம்மவர் இல்லை. ஷௌக்கத் அலி என்று உரக்கக் கூப்பிட்டால் நம் கடைத்தெருவிலேயே இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சிங்கங்களைப் பெற்று வளர்த்த அம்மையாரின் பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அன்னாரின் பெயர் ஆபாதி பானு பேகம். மக்கள் அழைத்தது 'பீ அம்மான்' என்று. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே படித்த நம் போன்றோருக்கு அன்னாரின் வாழ்வில் கற்கவேண்டியது நிறைய இருக்கிறது. ஏனெனில் அன்னாருக்கு அந்த அளவு பள்ளிப்படிப்புக்கூட இருந்ததில்லை.

அன்னார் பிறந்தது 1850-ஆம் ஆண்டு வாக்கில், வடநாட்டிலுள்ள அம்ரோஹாவில். மணமுடித்துச் சென்றது ராம்பூர் சமஸ்தானத்திற்கு. கணவர் அப்துல் அலி கான் சமஸ்தானத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். ஆனால் வாலிப வயதிலேயே காலரா நோய் கண்டு வபாத்தாகிவிட்டார். 1878 டிசம்பரில் பிறந்த முஹம்மது அலிக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஐந்து ஆண் மக்கள், ஒரு பெண். கூடவே கடனும் இருந்தது. மறுமணம் செய்துகொள்ளும்படி உறவினர் சொல்லியும் அம்மையார் இணங்கவில்லை. தம் செலவைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையுமாக நின்றார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். கடன் வைத்துவிட்டுப் போன குடும்பத்தை நடத்துவது எப்படி என்பது வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு கடையின் முதலாளி மௌத்தான மறுவாரமே பற்று வரவுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆண் துணையில்லாத வீட்டில் அதைச் சமாளிப்பது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த நகை விஷயத்திற்கு வருவோம். அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றாலே நம் சமுதாயத்தில் பலருக்கு வெறுப்பு. பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடுவான் என்ற அச்சம். பீ அம்மான் அவர்களுக்கோ மார்க்கப் பற்றும் இருந்தது, காலத்தை அறியும் அறிவும் இருந்தது. ஒரு மகனை ஆங்கிலப் படிப்புக்கு அனுப்பினார்கள். அடுத்த மகனையும் அனுப்பவேண்டும் என்றபோது, குடும்பச் சொத்தை நிர்வகித்து வந்த உறவினர் பணம் தர மறுத்துவிட்டார். ஒரு குடும்பத்திற்கு ஒரு காபிர் போதும் என்று கேலியும் செய்தாராம். அம்மையார் வாதாடவில்லை. வேலைக்காரப் பெண்ணிடம் தம் நகையை இரகசியமாகக் கொடுத்தனுப்பி, பக்கத்திலிருந்த லேவாதேவிக்காரரிடம் அடகு வைத்துப் பணம் வாங்கி, மகனைப் பரேலிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அதே உறவினர் மனம் இளகி நகையை மீட்டுக் கொடுத்தார். பிறகு படிப்புச் செலவும் சொத்திலிருந்தே கிடைத்தது.

அடகு வைக்கலாமா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். ஈடு வைப்பது மார்க்கத்தில் ஆகுமானதே, விலக்கப்பட்டது வட்டிதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் ஒரு யூதரிடம் தம் போர்க்கவசத்தை ஈடு வைத்து வாற்கோதுமை வாங்கியிருக்கிறார்கள் என்பது ஹதீஸில் வரும் செய்தி. அந்த முறையையொட்டித்தான் மலேசியாவில் 1992-ஆம் ஆண்டு முதன்முதலாகத் திரங்கானுவில் 'அர்-ரஹ்னு' என்னும் வட்டியில்லா அடகுக்கடை தோன்றியது. இதை இங்கே குறிப்பிடக் காரணம், நம் வீட்டுப் பெண்களின் நகை பெரும்பாலும் எதற்காக அடகுக்குப் போகிறது என்பதை நினைத்துத்தான். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறது. கல்யாணச் சீருக்குப் போகிறது. வீட்டுக்கு மேல்மாடி எடுக்கப் போகிறது. பிள்ளையின் புத்தகத்துக்காகப் போன நகையை எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும் என்றே நமக்குத் தோன்றுகிறது. எஸ்.பி.எம். எழுதிய கையோடு மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, தொழில் பழகுகிறான் என்று திருப்திப்படுகிறவர்கள் நாம். மகள் விஷயத்தில் அந்தத் திருப்தி இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அடகு வைத்த நகையின் பலன் என்ன? பிள்ளைகள் அலிகாரில் படித்தார்கள். முஹம்மது அலி 1898-இல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று லிங்கன் கல்லூரியில் சேர்ந்தார். 1911-இல் கல்கத்தாவில் 'காம்ரேட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலத்தை வெள்ளைக்கார அதிகாரிகளே விரும்பிப் படித்தார்கள். காபிராகிவிடுவான் என்று உறவினர் அஞ்சிய படிப்புதான் இஸ்லாத்துக்காக வாதாடும் நாவாக மாறியது. இத்தனை படித்த அந்த மகன், எழுத்தறிவு ஏறக்குறைய இல்லாத தம் தாயாரைவிட அறிவாளியைத் தாம் கண்டதில்லை என்று தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

1915-இல் சகோதரர் இருவரையும் ஆங்கில அரசு காவலில் வைத்தது. பிறகு சிந்துவாரா என்னும் ஊரில் வைத்திருந்தபோது, ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட்டால் விடுதலை என்று சொல்லி ஓர் அதிகாரி வந்தார். திரைக்குப் பின்னாலிருந்து பீ அம்மான் பதில் சொன்னார்கள்: மக்கள் மார்க்கத்துக்கும் நாட்டுக்கும் விரோதமாகக் கையொப்பமிட்டால், அவர்கள் கழுத்தை நெரிக்கும் வலிமை இந்தக் கிழவியின் கைகளுக்கு உண்டு என்பதே அதன் கருத்து. இதைப் படிக்கும்போது நமக்கு ஹஸ்ரத் அஸ்மா (ரலி) அவர்களின் நினைவு வருகிறது. ஹிஜ்ரி 73-இல் மக்காவை ஹஜ்ஜாஜின் படை முற்றுகையிட்டிருந்தபோது, மகனார் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) தாயிடம் ஆலோசனை கேட்க வந்தார்கள். நூறு வயதை நெருங்கி, கண் பார்வையும் போயிருந்த அத்தாய், சத்தியத்தில் இருப்பதாக நம்பினால் அதிலேயே நின்றுவிடும்படி கூறி மகனை அனுப்பி வைத்தார்கள். அந்த அஸ்மா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் பல, பேத்தி பாத்திமா பின்த் முன்திர் வாயிலாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. பாட்டியிடம் கேட்டதைப் பேத்தி சொல்ல, பேத்தியின் கணவரும் அஸ்மாவின் பேரருமான ஹிஷாம் இப்னு உர்வா அதை உலகுக்கு அறிவித்தார். நம் வீடுகளிலும் கலிமாவையும் குல்ஹுவல்லாஹு சூராவையும் பலருக்கு முதலில் ஓதிக் கொடுத்தது நன்னிமார்தாமே!

1917 டிசம்பரில் கல்கத்தாவில் முஸ்லிம் லீக் மாநாடு கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முஹம்மது அலி காவலில் இருந்தார். அவருக்குப் பதிலாக அவருடைய தாயார் பர்தாவுடனேயே மேடைக்கு வந்து பேசினார்கள். ஆயிரக்கணக்கான ஆடவர் கூடிய அரசியல் சபையில் ஒரு முஸ்லிம் மூதாட்டி பேசுவது அக்காலத்தில் சாமானிய விஷயமல்ல.

தமிழ்நாட்டுக்கும் இச்சரித்திரத்தில் தொடர்புண்டு. 1921 செப்டம்பர் 14-ஆம் தேதி, காந்தியடிகளுடன் சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த முஹம்மது அலியை வால்டேர் நிலையத்தில் கைது செய்தார்கள். ஆங்கிலப் படையில் ஊழியம் செய்வது முஸ்லிம்களுக்கு ஆகாது என்று கராச்சி கிலாபத் மாநாட்டில் தீர்மானம் செய்ததே குற்றம். அவருடைய பேகம் அழுது திரும்பிவிடவில்லை. காந்தியடிகளுடன் பயணத்தைத் தொடர்ந்தார். மாமியாரின் வளர்ப்பு மருமகளிடமும் தெரிந்தது என்றே நாம் சொல்லுவோம். சகோதரர் இருவருக்கும் இரண்டாண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். எழுபது வயது அம்மையார் கதர் உடுத்தி ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார்கள். பஞ்சாபில் ஒரு கூட்டத்தில், எதிரே இருப்பவர்கள் யாவரும் தம் மக்களே என்று கூறி முகத்திரையை விலக்கிப் பேசினார்கள். இது பற்றி ஆலிம்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்தத் தாயின் எண்ணத்தை அல்லாஹ் அறிவான். அன்னாரின் பெயரால் ஓர் உருதுப் பாட்டும் எழுந்து நாடெங்கும் பாடப்பட்டது.

ஆனால் முடிவு அவர்கள் எண்ணியபடி அமையவில்லை. எந்தக் கிலாபத்துக்காக மக்களைச் சிறைக்கு அனுப்பினார்களோ, அந்தக் கிலாபத்தை 1924 மார்ச் மாதம் துருக்கியர்களே ஒழித்துவிட்டார்கள். அவ்வாண்டிலேயே பேத்தி ஆமினா, முஹம்மது அலியின் மகள், நோயில் இறந்துபோனாள். ஊர்களில் இந்து முஸ்லிம் கலகங்கள் மூண்டன. அதற்காகக் காந்தியடிகள் செப்டம்பரில் இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கியது டில்லியில் முஹம்மது அலியின் வீட்டில்தான். பீ அம்மான் வாழ்வெல்லாம் நட்டமாகிப்போனதா? ஐந்தொகை போட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டாகையால் இக்கேள்வி எழுகிறது. கிலாபத்தை வரவில் வைத்தால் நட்டம்தான். ஆனால் அன்னார் கணக்கு வைத்தது அல்லாஹ்விடம். அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை நமக்கில்லை.

ஒன்றை மட்டும் கேட்டு வைக்கிறோம். நம்மவர் ஊரிலிருந்து சபுராளிகளாகக் கப்பலேறி ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் பத்துபகாட்டிலும் கடை வைத்தார்கள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் வீட்டு முகம் பாராமல் இருந்தார்கள். அக்காலமெல்லாம் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியதும், மதரஸாவுக்கு விரட்டியதும், கடன்காரனுக்குத் தவணை சொன்னதும் யார்? கடையின் பெயர்ப்பலகையில் அத்தாவின் பெயர் இருக்கிறது; '& சன்ஸ்' என்று மகன்களும் இருக்கிறார்கள். அந்த உம்மாமார் உயிரோடு இருக்கையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வருஷங்களில் வீடு எப்படி நடந்தது என்று ஒரு தடவையேனும் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பீ அம்மான் 1924 நவம்பர் 13-ஆம் தேதி டில்லியில் வபாத்தானார்கள். காந்தியடிகள் தம் பத்திரிகையில் அன்னாரைப் போற்றி எழுதினார். இளைய மகன் முஹம்மது அலி 1931 ஜனவரி 4-ஆம் தேதி இலண்டனில் காலமாகி, பைத்துல் முகத்தஸில் நல்லடக்கம் செய்யப்பட்டார். ஷௌக்கத் அலி 1938-இல் டில்லியில் காலமானார். ஜாமிஆ மஸ்ஜிதுக்கு அருகே அடக்கமாகியிருக்கிறார். அவர்கள் அனைவருடைய கப்றுகளையும் அல்லாஹு தஆலா ஒளிமயமாக்கி வைப்பானாக. ஆமீன்.