சித்தி ராதிகா

சக்குபள்ளத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் காலையிலேயே தோட்டத்துக்குப் போவார்கள். மாலையில் வீடு திரும்பி உலை வைப்பார்கள். இரவில் சற்று உட்கார்ந்து தொலைக்காட்சியில் தொடர் பார்ப்பார்கள்.

தொடரில் வரும் பெண் அழுதால் நமக்கும் கண் கலங்கும். ஆனால் அவருக்கு அது தொழில். காய் எடுப்பது நம் வேலை. நடிப்பது அவர் வேலை.

அப்படி நடித்துப் பெயர் பெற்றவர் ராதிகா. இவர் நடிகவேள் எம்.ஆர். ராதாவின் மகள். 1978-ஆம் ஆண்டு ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானார். படத்தை இயக்கியவர் பாரதிராஜா. அதில் பாஞ்சாலி என்ற கிராமத்துப் பெண்ணாக ராதிகா நடித்தார். பிறகு தெலுங்கு, மலையாளப் படங்களிலும் நடித்தார்.

நடிப்பதோடு அவர் நிற்கவில்லை. படம் எடுக்கும் தொழிலையும் கற்றார். 1985-இல் ‘மீண்டும் ஒரு காதல் கதை’ என்ற படத்தைத் தயாரித்தார். பின்னர் ராடான் என்ற நிறுவனத்தை நடத்தினார்.

ராடான் தயாரித்த ‘சித்தி’ தொடர் 1999-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2001 வரை ஓடியது. கதாநாயகி சாரதாவாக ராதிகாவே நடித்தார். சிவகுமாரும் நடித்தார். பழைய கதைகளில் சித்தி என்றால் கொடுமைக்காரி. இந்தச் சித்தியோ பாசம் உள்ளவள். மக்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தார்கள்.

தொடருக்குப் பணம் எப்படி வந்தது?

நாம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறோம் அல்லவா? அதுபோலத் தயாரிப்பாளர் தொலைக்காட்சிக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்குவார். அந்த நேரத்தில் தொடரைக் காட்டுவார். இடையில் விளம்பரம் போட்டுப் பணம் ஈட்டுவார். பலர் பார்த்தால் லாபம். பார்க்காவிட்டால் நஷ்டம் அவருக்கே.

ஆகவே ராதிகாவுக்கு இரண்டு வேலை. கேமராவின் முன்னே நடிக்க வேண்டும். பின்னே கணக்கும் பார்க்க வேண்டும். ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’ என்று தொடர்கள் வந்தன. ‘வாணி ராணி’ 2013 முதல் 2018 வரை ஓடியது. அதில் இரட்டைச் சகோதரிகளாக அவர் ஒருவரே நடித்தார்.

எல்லோரும் முதலாளி ஆக முடியுமா? முடியாது. ராதிகாவுக்கு முன்பே புகழ் இருந்தது. ஆனால் தன் தொழிலின் கணக்கை எல்லோரும் அறியலாம். இன்று எத்தனை கிலோ காய் எடுத்தோம்? இந்த வாரம் எத்தனை நாள் வேலை செய்தோம்? கூலி சரியாக வந்ததா? இவற்றை நாமே எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

பேசுவோம்

1. தொடர்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள்? நம் வீட்டுப் பெண்கள் அப்படி இருக்கிறார்களா?
2. தொடரின் நடுவே விளம்பரம் ஏன் வருகிறது?

எழுதுவோம்

1. ராதிகா முதல் படத்தில் நடித்தது 1978-இல். ‘சித்தி’ தொடங்கியது 1999-இல். இடையில் எத்தனை ஆண்டுகள்?
2. இந்த வாரம் நீங்கள் வேலை செய்த நாட்களையும் வாங்கிய கூலியையும் எழுதுங்கள்.