எண்ணெய்ப் படலமும் ஒரு பாகம்தான்

விமான எஞ்சின் ரோட்டார் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, டேம்பரைத் தொடுமுன் இவற்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. பால் பேரிங் பாரம் தாங்கும், அதிர்வை அடக்காது. அதனால்தான் அதன் வெளி வளையத்துக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுகிறோம். வளையம் சுழலக் கூடாது. அசைய மட்டும் வேண்டும். அசைவில் எண்ணெய் பிதுங்கி, அதிர்வின் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. டேம்பர் என்று நாம் சொல்வது இதைத்தான். 1963இல் கூப்பர் இதைச் சோதித்து எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

2. படலம் நிற்கும் இடைவெளியை, அதாவது கிளியரன்ஸை, நீங்களே அளந்து பாருங்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் முக்கால் பங்கு அதுதான். முனைகள் திறந்த, அகலம் குறைந்த டேம்பரில் இடைவெளி பாதியானால் தணிப்பு எட்டு மடங்காகும். 0.10 மி.மீ. என்று வரைந்தது சூட்டில் 0.12 ஆனால், தணிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். எண்ணெயும் சும்மா இருக்காது: 40 டிகிரியில் உள்ள பாகுத்தன்மை 100 டிகிரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகிவிடும். இரண்டும் சேர்ந்தே வரும். ஆகவே குளிர்ந்த நிலை அளவை மட்டும் வைத்துக் கணக்கை முடிக்காதீர்கள்.

3. தணிப்பு கூடினால் நல்லது என்று எண்ணாதீர்கள். மிஞ்சினால் படலம் இறுகி, வளையம் ஹவுசிங்கோடு ஒட்டியதுபோல் ஆகும். பிறகு விசை முழுவதும் கேசிங்குக்குப் போகும்.

4. எண்ணெய் தாங்கிப் பிடிக்காது. ரோட்டாரை நடுவில் நிறுத்த ஸ்குவிரல் கேஜ் ஸ்பிரிங் வேண்டும். அது இல்லாவிட்டால் நின்ற எஞ்சினில் வளையம் அடியில் உட்கார்ந்திருக்கும்.

5. காற்றுக்கு அஞ்சுங்கள். முனை வழியே காற்று உள்ளே போய் எண்ணெய் நுரைத்தால், தாளில் வந்த தணிப்பு டெஸ்ட் ரிக்கில் வராது. எண்ணெய் அழுத்தத்தையும் முனையில் உள்ள பிஸ்டன் ரிங் சீலையும் முதலில் பாருங்கள்.

6. பேலன்சிங்கில் விட்ட குறையை டேம்பர் தலையில் கட்டாதீர்கள். அசைவு கிளியரன்ஸில் பாதியைத் தாண்டினால் நேர்கோட்டுக் கணக்கு பொய்க்கும். பிளேடு உடைந்து பறக்கும் நிலைக்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

7. பிளேடின் சொந்த அதிர்வுக்கு இந்தப் படலம் மருந்தல்ல. அதற்கு பிளேடு மேடைக்கு அடியில் வைக்கும் உராய்வு டேம்பர் வேறு இருக்கிறது.