பெரிய வீட்டுக்கு மெஷ் வை-ஃபை: 6,520 ரூபாய் வீணாக்கிட்டு நான் கத்துக்கிட்ட பாடம்



இன்னிக்கு எஸ்ஐபியும் இல்லை, டாக்ஸும் இல்லை. வீட்டு வை-ஃபை பத்தி பேசப் போறோம். "இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?"னு கேக்குறீங்களா? முதல்ல என் கதையைக் கேளுங்க.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்போ, ஆபீஸ்ல பேசி ஒரு வருஷம் தஞ்சாவூர் வீட்டுல இருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். மாடியும் சேர்த்து 2,200 சதுர அடி வீடு. மோடம் கீழே முன் ஹால்ல, ஜன்னல் ஓரமா இருந்துச்சு. ஒயரை உள்ளே கொண்டுவர அதுதான் சுலபம்னு கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் அங்கேயே மாட்டிட்டுப் போயிட்டார். என் ரூம் மாடியில, பின்பக்கம். நடுவுல ரெண்டு 9 இன்ச் செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தளம்.

ஒரு ரிவ்யூ மீட்டிங்ல மூணு தடவை உறைஞ்சு போய் நின்னேன். மேனேஜர் பொறுமையாத்தான் சொன்னார்: "நெட் சரியாகலைன்னா சென்னை ஆபீஸுக்கே வந்துடுங்க." அப்படின்னா ரூம் வாடகை, மெஸ் செலவு, அட்வான்ஸ். எல்லாத்துக்கும் மேல, வாக்கர் பிடிச்சு நடக்கிற அப்பாவை அம்மா ஒருத்தரே பார்த்துக்கணும்.

பயத்துல ரெண்டு வேலை செஞ்சேன். 499 ரூபாய் பிளான்ல இருந்து 999 ரூபாய் பிளானுக்கு மாறினேன். 18% ஜிஎஸ்டி சேர்த்தா மாசம் 590 ரூபாய் கூடுதல். எட்டு மாசத்துக்கு 4,720 ரூபாய். அது போதாதுன்னு 1,800 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர். மொத்தம் 6,520. பிரச்சினை அப்படியே இருந்துச்சு!

தப்பு எங்கே நடந்துச்சு?

கடைசியில ஒரு நாள் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். பழைய 100 எம்பிபிஎஸ் பிளான்ல மோடம் பக்கத்துல 95 வந்துச்சு, மாடி ரூம்ல 6. புது 200 எம்பிபிஎஸ் பிளான்ல மோடம் பக்கத்துல 190, மாடி ரூம்ல 7.

மாடி பாத்ரூம் பைப் அடைச்சிருந்தா, தெருக்குழாயில எவ்வளவு வேகமா தண்ணி வந்தாலும் மேலே சொட்டுத்தான் வரும். பிளான் என்பது தெருக்குழாய். வை-ஃபை என்பது வீட்டுக்குள்ள போற பைப். நான் பைப்பைச் சரிபண்ணாம குழாய்க்கு காசு கட்டிட்டு இருந்தேன்.

இன்னொரு விஷயம். நமக்கு உண்மையில எவ்வளவு வேகம் வேணும்? ஜூம்ல ஒருத்தரோட ஒருத்தர் பேசுற 720பி வீடியோ காலுக்கு 1.2 எம்பிபிஎஸ் போதும். நெட்ஃபிளிக்ஸ் 4கே தரத்துக்குச் சொல்றது 15 எம்பிபிஎஸ். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். அது ரூம் வரைக்கும் வந்து சேரணும், அவ்வளவுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி: காசில்லாத மூணு வேலை

1. மொபைல்ல வை-ஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு ரூமா நடங்க. சிக்னல் அளவு டிபிஎம்னு மைனஸ்ல காட்டும். மைனஸ் 50 அருமை. வீடியோ கால் தடங்கல் இல்லாம போக மைனஸ் 67 வரைக்கும் பரவாயில்லை. மைனஸ் 80 ஆயிட்டா அந்த ரூம்ல வேலை நடக்காது.

2. மோடத்தை நகர்த்த முடியுமான்னு பாருங்க. டிவிக்குப் பின்னாடி, பீரோ பக்கத்துல, ஷெல்ஃபுக்குள்ள இருந்தா வெளியே எடுங்க. வீட்டு நடுவுல, கொஞ்சம் உயரமா வைங்க.

3. எந்த பேண்ட்ல இருக்கீங்கன்னு பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் கம்மி, பக்கத்து வீட்டு நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா சுவரைத் தாண்டும்போது பாதி உயிர் போயிடும்.

800, 900 சதுர அடி ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இதுலயே வேலை முடிஞ்சிடும். நீங்க மெஷ் வாங்க வேண்டாம். அந்தக் காசை எமர்ஜென்சி ஃபண்ட்ல போடுங்க.

ரிப்பீட்டருக்கும் மெஷ்ஷுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ரிப்பீட்டர், மோடத்துக்கிட்ட கேட்டதை அதே ரேடியோவுல உங்களுக்குத் திருப்பிச் சொல்லும். கேக்குறதும் சொல்றதும் ஒரே வாய்க்காலில் நடக்கிறதால வேகம் பாதியா குறையும். பல ரிப்பீட்டர்கள் தனிப் பெயர்ல வேற ஓடும். நடந்து போனா நாமதான் மாத்திக்கணும்.

மெஷ்ல ரெண்டு மூணு பெட்டிகள் ஒரே நெட்வொர்க்கா, ஒரே பெயர்ல, ஒரே ஆப்ல இயங்கும். மாடிப்படி ஏறும்போது ஃபோன் தானா பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கும். இந்தப் பெட்டியைத்தான் நோட்னு சொல்றாங்க.

ஆனா இங்கதான் விஷயமே இருக்கு. நோட்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற பாதைக்கு பேக்ஹால்னு பேர். இது வயர்லெஸ்ஸா இருந்தா, டூயல்-பேண்ட் மெஷ்ஷிலயும் ரிப்பீட்டர் மாதிரியே வேகம் குறையும். ட்ரை-பேண்ட் மெஷ் இதுக்குன்னு ஒரு பேண்டைத் தனியா ஒதுக்கும், விலையும் அதிகம். மூணாவது வழி, நோட்டுக்கு நோட் லேன் கேபிள் இழுக்கிறது. இதுதான் விலை குறைவு, இதுதான் நிலையானது. கேட் 6 கேபிள்ல 1 ஜிபிபிஎஸ் வேகம் 100 மீட்டர் வரைக்கும் போகும். நம்ம வீட்டுக்கு 25 மீட்டரே ஜாஸ்தி.

வாங்கும்போது பெட்டியில என்ன பார்க்கணும்?

* எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. ஏசி1200ன்னா 2.4ல 300, 5ல 867, ரெண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு. நிஜத்துல அந்த வேகம் உங்க ஃபோனுக்கு வராது.
* போர்ட்டைப் பாருங்க. டிபி-லிங்க் டெகோ இ4, எம்4 ரெண்டுமே ஏசி1200தான். ஆனா இ4ல இருக்கிறது 100 எம்பிபிஎஸ் போர்ட், எம்4ல ஜிகாபிட் போர்ட். 200 எம்பிபிஎஸ் பிளான் வச்சுக்கிட்டு 100 எம்பிபிஎஸ் போர்ட் வாங்கினா பாதிக் காசு வீண்.
* வை-ஃபை 6 டூயல்-பேண்ட் போதும். 100, 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு வை-ஃபை 7 தேவையில்லை.
* சதுர அடி விளம்பரத்தை நம்பாதீங்க. அந்தக் கணக்கு செங்கல் சுவரையும் கான்கிரீட் தளத்தையும் வச்சுப் போட்டது இல்லை. முதல்ல ரெண்டு நோட் வாங்குங்க. பத்தலைன்னா அதே வகையில இன்னொண்ணு சேர்த்துக்கலாம்.

செட்டப்: படிப்படியா

1. கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடத்தைத் தூக்கிப் போட முடியாது. அதோட லேன் போர்ட்ல இருந்து மெஷ்ஷோட முதல் நோட்டுக்கு கேபிள் கொடுங்க.

2. ஆப்ல மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க. இல்லைன்னா மோடமும் மெஷ்ஷும் ரெண்டுமே ரவுட்டர் வேலை பார்க்கும். சில ஆபீஸ் விபிஎன்னும், கேமும் தகராறு பண்ணும். மெஷ்ஷே ரவுட்டரா இருக்கணும்னா, கஸ்டமர் கேர்ல சொல்லி மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தச் சொல்லுங்க.

3. மோடத்தோட வை-ஃபையை ஆஃப் பண்ணுங்க. பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே மெஷ்ஷுக்கு வைங்க. டிவி, கேமரா எல்லாம் பெரும்பாலும் தானா சேர்ந்துக்கும்.

4. கேபிள் இழுக்க முடியலைன்னா, ரெண்டாவது நோட்டை சிக்னல் இல்லாத ரூம்ல வைக்காதீங்க! அங்கே நோட்டுக்கே சிக்னல் கிடைக்காதே. நடுவழியில, மாடிப்படி திருப்பம் மாதிரி இடத்துல வைங்க. கேபிள் இருந்தா நேரா உங்க ரூம்லயே வைக்கலாம்.

5. கேபிள் இழுக்கும்போது கரண்ட் ஒயர் போற பைப்புல விடாதீங்க, பழைய கேபிள் டிவி பைப் இருந்தா அதுல விடுங்க. சுத்த காப்பர் கேபிளான்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல காப்பர் பூசினதும் கடையில கிடைக்கும். வெயில்ல போற இடத்துக்கு அவுட்டோர் கேபிள்.

6. மோடமும் எல்லா நோட்டும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கிற பிளக்ல இருக்கணும். ஒரு நோட் மட்டும் வெளியே இருந்தா, கரண்ட் போன நிமிஷமே உங்க மீட்டிங்கும் போச்சு.

7. மறுபடி ஒவ்வொரு ரூமா அளந்து பழைய எண்ணோட ஒப்பிடுங்க. திருப்தி இல்லைன்னா ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள திருப்பிக் கொடுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

எனக்கு ஆன செலவு: ரெண்டு நோட் பேக் 8,200, கேபிள் 700, எலக்ட்ரீஷியன் கூலி 800. மொத்தம் 9,700 ரூபாய். கேபிள் இழுக்கிறதுக்கு முன்னாடி மாடி ரூம்ல 60 வந்துச்சு, இழுத்த பிறகு 180. உடனே பிளானைப் பழைய 499க்கு இறக்கிட்டேன். இப்போ 100 எம்பிபிஎஸ்ல மாடி ரூமுக்கு 92 வருது.

மாசம் 590 மிச்சம். பதினேழாவது மாசம் போட்ட காசு திரும்ப வந்துடும். மூணு வருஷத்துல மிச்சம் 21,240. அதுல 9,700 கழிங்க. ரெண்டு நோட்டும் சேர்ந்து 16 வாட் இழுத்தா, ரெண்டு மாச பில்லுக்கு 23 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வச்சா மூணு வருஷத்துக்கு சுமார் 2,500. அதையும் கழிச்சா கையில நிக்கிறது கிட்டத்தட்ட 9,000 ரூபாய்.

ரெண்டு டிப்ஸ். ஒண்ணு, "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு போட்டிருந்தாலும் பிராசஸிங் ஃபீயும், வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டியும் வரலாம். ரெண்டு மாசம் சேர்த்து வச்சு மொத்தமா வாங்குங்க. ரெண்டு, உங்க கம்பெனியில இன்டர்நெட் அலவன்ஸ் இருக்கான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. பல பேர் கேக்கிறதே இல்லை. பில் உங்க பேர்ல இருக்கட்டும்.

அடுத்த ரிவ்யூ மீட்டிங்கை அதே மாடி ரூம்ல உட்கார்ந்து பேசினேன், ஒரு தடவைகூட உறையலை. சென்னை பேச்சே திரும்ப வரலை. அப்பா இப்போ வாக்கர் இல்லாம மாடிப்படி ஏறி வந்து, "என்னடா, நெட் வருதா?"னு கேக்குறார்.

மாசாமாசம் கட்டுற எந்த பில்லா இருந்தாலும் இதே விதிதான் நண்பர்களே. ஏத்துறதுக்கு முன்னாடி, அடைப்பு எங்கே இருக்குன்னு ஒரு தடவை அளந்து பாருங்க. இந்த வாரக் கடைசியில ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க, ரூம் ரூமா நடங்க, எண்களை எழுதிக்கோங்க. கார்டை அப்புறமா எடுக்கலாம்.