பாடம் 5: பற்றையை எரிக்காதீர்கள்

பல ஆண்டுகளின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது பற்றைக்காடு. வெட்டிக் குவித்து நெருப்பு வைத்தால் வேலை சுலபம் என்று தோன்றும். இரண்டு காரணங்களுக்காக அதைச் செய்யாதீர்கள்.

முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு. மண்ணில் கிடக்கும் வெடிபொருட்கள் நெருப்புச் சூட்டில் வெடிக்கலாம். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியில் மட்டுமே வெட்டுங்கள், கொத்துங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பாழடைந்த கிணற்றுக்குள் இறங்காதீர்கள்.

இரண்டாவது, அந்தப் பற்றைதான் உங்கள் முதல் பசளை. எரித்தால் சாம்பல் மட்டுமே மிஞ்சும். வெட்டிய குழையை மண்ணின் மேல் பரப்பினால் ஈரம் காயாது. உக்கியபின் மண் வளமாகும்.

இயற்கையின் போக்கைப் பார்த்து, எதையும் வீணாக்காமல் வாழும் இம்முறையை 1970களில் அவுஸ்திரேலியாவில் பில் மொலிசன், டேவிட் ஹொல்ம்கிரன் ஆகிய இருவரும் ‘பேர்மாகல்ச்சர்’ என்று பெயரிட்டு வகுத்தார்கள். தோட்டத்துக்குப் பூவரசங்குழை தாழ்த்திய எங்கள் பெரியவர்களுக்கு இது புதிதல்ல.

காணி கையளிக்கப்பட்ட பின் செய்ய வேண்டியவை:

1. முதலில் பாருங்கள். மழைவெள்ளம் எப்பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே நிழல் விழுகிறது என்று கவனியுங்கள். தப்பி நிற்கும் தென்னை, மா, முருங்கையை வெட்டாதீர்கள்.

2. மழைநீரை மறியுங்கள். எங்கள் பகுதியில் பெரும்பங்கு மழை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடும். அதற்கு முன்னரே சரிவுக்குக் குறுக்காகச் சிறிய வரம்புகள் கட்டுங்கள்.

3. கிணற்றடி நீரை வீணாக்காதீர்கள். குளிக்கும் நீர் ஓடும் வாய்க்காலின் முடிவில் வாழை நடுங்கள்.

4. உயிர்வேலி போடுங்கள். மழை தொடங்கியதும் கிளிசரியா, பூவரசங் கதியால்களை நடுங்கள். ஒரே வேலி எல்லையாகும், ஆட்டுக்குத் தீனி தரும், தோட்டத்துக்குக் குழை தரும்.

5. குசினிக்கு அருகில் தொடங்குங்கள். நாளாந்தம் பார்க்க வேண்டிய மிளகாய், கத்தரி, கீரை ஆகியவை கதவடியில் இருக்கட்டும். கவனிப்புக் குறைவாகத் தேவைப்படும் மரங்கள் தூரத்தில் நிற்கலாம்.

முதற் போகத்திலேயே முழுக் காணியையும் திருத்த முயலாதீர்கள். பணமும் உடலும் களைத்துவிடும். ஒரு பாத்தியை நன்றாகச் செய்து, அடுத்த போகத்தில் இன்னொன்றைச் சேருங்கள். உலர் உணவு நிவாரணம் ஒரு நாள் நிற்கும். அன்றைக்குக் கறிக்கு வேண்டியது உங்கள் வளவிலேயே இருக்க வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்திருந்து வளவின் படத்தைக் கீறுங்கள். கிணறு, வீடு, நிற்கும் மரங்கள், நீரோடும் திசை என்பவற்றைக் குறியுங்கள். முன்பு எந்த மூலையில் எது நன்றாகக் காய்த்தது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். விதைகளுக்கும் ஆலோசனைக்கும் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கும்போது அந்தப் படத்தைக் கொண்டு செல்லுங்கள்.