மதுவிலக்கும் மனவிலக்கும்

போதைப்பொருளை உண்டலும், உயிர்க்கு ஊறு விளைக்குஞ் செயல்களில் துணிந்து புகுதலும் சட்டத்தினால் ஒழியுமா என்னும் வினா மேல்வகுப்பு மாணாக்கரிடத்து எழுதல் இயல்பு. ஒழியும் என்றாவது ஒழியாது என்றாவது ஒரு சொல்லில் விடை கூறியமைதல் ஆசிரியர்க்குத் தகாது. சட்டம் எவ்வளவு செல்லும், எவ்விடத்து நிற்கும் எனப் பகுத்துக் காட்டல் வேண்டும். அதற்கு மூன்று தேசங்களின் வரலாறு துணையாகும்.

முதலாவது, அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே அரசியலமைப்பின் 18ஆந் திருத்தத்தின்படி 1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அது மதுவைச் செய்தலையும் விற்றலையும் கொண்டுசெல்லலையுமே தடுத்தது, குடித்தலைத் தடுத்திலது. முதலாண்டுகளிற் குடி பெரிதுங் குறைந்தது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் களவு வாணிகம் பெருகிற்று. கைத்தொழிலுக்கென நஞ்சு கலந்து வைத்த மதுசாரத்தைத் திருடி விற்றமையாற் பலர் மாண்டனர். சிக்காக்கோ நகரத்துக் களவு வணிகர் தலைவனாகிய அல் கப்போன் 1931இல் தண்டிக்கப்பட்டது வருமானவரி கொடாத குற்றத்துக்கேயன்றி மது விற்ற குற்றத்துக்கன்று. 1933 டிசம்பர் 5ஆந் திகதி 21ஆந் திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று.

இதன் காரணம் யாது? பொருள் களவுபோயின் இழந்தவன் முறையிடுவான். மது வாணிகத்திலோ விற்பவனும் விரும்புகிறான், கொள்பவனும் விரும்புகிறான், முறையிடுவார் ஒருவருமிலர். முறையீடில்லாவிடத்துக் காவலர் கண் செல்லுதல் அரிது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம். மோட்டார் வண்டியிற் செல்வோர் ஆசனப்பட்டி அணிதல் வேண்டுமென 1970இல் அது விதித்தது. உலகில் இவ்விதியை முதலிற் செய்தது அதுவே. வண்டியிற் சென்று இறப்போர் தொகை குறைந்தது. ஆசனப்பட்டி அணியாமை வீதியில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படுவது. அணிதற்கு வேண்டுவது சிறிது முயற்சியே. அணியாமையை விற்று இலாபம் பெறும் வணிகனுமிலன். ஆதலின் விதி விரைவிற் பழக்கமாயிற்று.

மூன்றாவது, போர்த்துக்கல். தன் உபயோகத்துக்காகப் பத்து நாளைக்குப் போதுமான அளவின் மேற்படாது போதைப்பொருள் வைத்திருப்பவனைக் குற்றவாளியாகக் கொள்ளாது, அறிவுரைக் குழுவின் முன் நிறுத்தும் முறையை அது 2001இல் மேற்கொண்டது. தடை நீங்கவில்லை, விற்பவன் இன்றுந் தண்டனைக்குரியவனே. சிகிச்சையும் உடன் விரிக்கப்பட்டமையால், போதையூசி ஏற்றுவாரிடத்து எச்.ஐ.வி. தொற்று பெரிதுங் குறைந்தது. பலர் அஞ்சியவாறு பாவனை வெள்ளம்போற் பெருகவுமில்லை.

இம்மூன்றினாலும் பெறப்படுவது யாதெனின், சட்டம் விற்பவனை ஒடுக்கும், பொருளை அரிதாக்கும், வெளிப்படையான செயலைத் திருத்தும். மறைவிலெழும் ஆசையை அது தொடாது. எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதார்க்கு மதுவும் புகையிலைப் பொருளும் விற்றலைத் தடுக்கின்றது. அது வேண்டற்பாலதே. ஆயினும் அது கடைக்காரன் கையைத் தடுக்குமன்றித் தோழன் கையைத் தடுக்கமாட்டாது. தோழன் நீட்டும்போது வேண்டாமென்று சொல்லும் வலிமையைப் பிள்ளைக்குக் கொடுப்பவர் பெற்றோரும் ஆசிரியருமே.

ஆதலின், ஆசிரியர்காள், ஒரு மாணாக்கன் இப்பழக்கத்தில் அகப்பட்டானென அறிந்தவிடத்து, விசாரணையின்றி அவனைப் பாடசாலையினின்றும் நீக்குதல் ஏனையோர்க்கு மறைக்கும் வித்தையைக் கற்பித்தலேயாகும். அவனுக்குப் பொருள் கொடுத்தவனைச் சட்டத்தின் கையில் விடுக. அவனை வைத்தியர் கையிலும் உம்முடைய கையிலும் வைத்துக்கொள்க. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அரசன் முறைசெய்யுஞ் செங்கோன்மையை அடுத்து வைத்திலர். பரிமேலழகர் உரைகொண்ட முறையில் அது 93ஆம் அதிகாரமாய் நிற்க, அதன்பின் சூதும், அதன்பின் மருந்தும் வருகின்றன. அம்முறையை யாம் சிந்தித்தல் நன்று.

மாணாக்கரிடம் வினாவத்தக்கன:

1. களவுக்கு முறையிடுவார் உளராக, மது வாணிகத்துக்கு முறையிடுவார் இலராதல் ஏன்?
2. ஆசனப்பட்டி விதி நிலைபெற, அமெரிக்க மதுவிலக்கு நிலைபெறாமைக்குக் காரணம் யாது?
3. சட்டஞ் செல்லாவிடத்து உன்னைக் காப்பது யாது?